சுத்தியலால தட்டிப் பாக்குற உலோக செட்: தகடு நல்லா இருக்கு, புக்லெட்டத்தான் நம்ப முடியல

உலோகத்தோட தகடாகும் தன்மைய கையாலயே தெரிஞ்சுக்கலாம்னு சொல்லி விக்கிறாங்கள்ல ஒரு பெட்டி, அதப் பத்தின ரிவ்யூ இது. பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே பெட்டி நாலஞ்சு பேர்ல நாலஞ்சு லேபிள் ஒட்டி சுத்திட்டு இருக்கு, உள்ள இருக்குறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். செம்பு, பித்தளை, அலுமினியம், வெள்ளீயம், மைல்ட் ஸ்டீல் இதுல ஒவ்வொரு தகடு, துத்தநாகத்துல மட்டும் தகடு இல்லாம வார்த்த ஒரு சின்ன பட்டை, ஒரு கண்ணாடிக் கவர்ல தங்க இலை (ரொம்ப மெல்லிசா அடிச்ச தங்கத் தகடு) ஒண்ணு, தனியா ஒரு பையில உப்புப் படிகம், மெழுகு, சிலிகான் புட்டி, அப்புறம் ஒரு பக்கம் உருண்டையா இருக்குற சுத்தியல், ஒரு கொட்டாப்புளி, பட்டறைக்கல்லுக்கு பதிலா ஒரு ஸ்டீல் பிளாக், கூட ஒரு புக்லெட். அவ்ளோதான் பெட்டி.

முதல்லயே சொல்லிடுறேன், உலோகம் எல்லாம் நல்ல சரக்கு, டூல்ஸ் பரவால்ல ரகம், புக்லெட்டத்தான் தூக்கி ஓரமா வச்சிடணும். அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம். அந்த ஒன்றரை ஏன் போச்சுன்னு கேட்டா புக்லெட் பண்ற ஒரே ஒரு தப்புதான், மத்த கொறை எல்லாம் அதோட சேர்ந்து வர்றதுதான்: எந்த உலோகம் எவ்ளோ தகடாகும்னு ஒரு பட்டியல் போட்டு தங்கம் ஒண்ணு, வெள்ளி ரெண்டுன்னு ரேங்க் குடுத்துட்டா மேட்டர் முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்காங்க. பெட்டிக்குள்ள இருக்குற உலோகங்களையே எடுத்து தட்டிப் பாத்தா அந்தப் பட்டியல் நிக்க மாட்டேங்குது, அதுதான் இந்த செட்டோட வேடிக்கையே.

செம்புல ஆரம்பிங்க, புக்லெட் சொல்ற வரிசை வேணாம். கையில எடுத்த ஒடனே வளையுது, ஸ்டீல் பிளாக் மேல வச்சு சுத்தியலோட உருண்டை பக்கத்தால தட்டினா ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி விழுந்து சுத்திலும் உலோகம் நகருது, கண்ணுக்கே தெரியும். கொஞ்ச நேரம் நல்லா போகும். அப்புறம் சத்தம் மாறும், மந்தமான சத்தமா இருந்தது கணீர்னு ஆகும், சுத்தியல் கையில திருப்பி எகிறும், தகடு அசையவே மாட்டேங்கும். இங்கதான் நெறைய பேரு செட்டு டூப்ளிகேட்னு நெனச்சு ஒரு ஸ்டார் போட்டுட்டு போயிருக்காங்க, ரிவ்யூ பூரா அதான் இருக்கு. டூப்ளிகேட் எல்லாம் இல்லங்க, நீங்க தட்டித் தட்டி செம்ப விறைப்பாக்கிட்டீங்க, ஒர்க் ஹார்டனிங்னு சொல்றாங்களே அது இதான். இன்னும் அடிச்சீங்கன்னா ஓரத்துல கீறல் விடும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, உலோகத்துல அணு எல்லாம் வரிசை வரிசையா அடுக்கி இருக்கு, அடிக்கும்போது ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கு மேல வழுக்குது. ஆனா முழு அடுக்கும் ஒரே நேரத்துல வழுக்குறதா வச்சு கணக்கு போட்டா உலோகம் இப்ப இருக்குறத விட ஆயிரக்கணக்கான மடங்கு கடினமா இருந்திருக்கணும், 1926-லயே இயற்பியலாளர் ஃப்ரெங்கெல் இந்தக் கணக்கப் போட்டுட்டாரு, யாருக்கும் விடை புரியல. 1934-ல டெய்லர், ஓரோவான், போலன்யின்னு மூணு விஞ்ஞானிகளும் தனித்தனியா ஒரே விடைக்கு வந்தாங்க: அடுக்குல ஒரு கோடு மாதிரி ஒரு பிசகு இருக்கு, டிஸ்லொக்கேஷன்னு பேரு, அந்தப் பிசகுதான் ஊர்ந்து போகுது, அடுக்கு மொத்தமா நகர வேண்டியதில்ல. பெரிய விரிப்ப தரையோட தரையா இழுத்தா வராது, ஒரு ஓரத்துல மடிப்பு விட்டு அந்த மடிப்ப தள்ளிட்டே போனா விரிப்பு நகர்ந்துடும்ல, அந்தக் கதைதான். அடிக்க அடிக்க இந்த டிஸ்லொக்கேஷன் பெருகிட்டே போகும், பெருகினா இன்னும் ஈசியா வழுக்கணும்னுதான தோணும், ஆனா ஒண்ணு மேல ஒண்ணு சிக்கிக்கும், டிராஃபிக் ஜாம் ஆயிடும், அப்போதான் அந்த கணீர் சத்தம் வருது. இவ்ளோ பெரிய விஷயத்த புக்லெட்ல ஒரே வரியில "அதிகமாக அடிக்க வேண்டாம்"னு முடிச்சுட்டாங்க. அதிகமா அடிக்கலாம், தாராளமா அடிக்கலாம், நடுவுல சூடு காட்டணும், அத சொல்லணும்ல.

சூடு காட்டுறது எப்படின்னா, வெளிச்சம் கம்மியா இருக்குற எடத்துல வச்சு டார்ச் ஃபிளேம்ல செம்பு லேசா செவக்குற வரைக்கும் சூடாக்குங்க, பளிச்சுன்னு செவக்க வேணாம், மங்கலா செவந்தா போதும். அப்படியே குறட்டுல புடிச்சு தண்ணியில போடலாம். ஸ்டீல செவக்க காய்ச்சி தண்ணியில போட்டா கடினமாகும்னு கேள்விப்பட்டிருப்பீங்க, செம்புல அந்தக் கதையே இல்ல, தண்ணியில போட்டாலும் சும்மா ஆறவிட்டாலும் இளகித்தான் இருக்கும். வெளிய எடுத்தா கருப்பா ஒரு தோல் இருக்கும், சிட்ரிக் ஆசிட் கரைசல்ல கொஞ்ச நேரம் போட்டா போயிடும். இப்ப வளைச்சுப் பாருங்க, திரும்ப ஆரம்பத்துல இருந்த மாதிரியே இளகியிருக்கும், சிக்கிக் கிடந்த டிஸ்லொக்கேஷன் எல்லாம் கலைஞ்சு புதுசா படிக மணிகள், அதாவது உலோகத்துக்குள்ள இருக்குற குட்டிக் குட்டி படிகங்கள், உருவாயிடுச்சு. திரும்ப அடி, திரும்ப சூடு, திரும்ப அடி. ஒரே தகட்ட இப்படி ஆழமான கிண்ணம் வரைக்கும் கொண்டு போயிடலாம். ரொம்ப நேரம் ரொம்ப சூடு குடுத்தீங்கன்னா மட்டும் அந்த மணிகள் பெருசா வளர்ந்து, அப்புறம் வளைக்கும்போது மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு வரும், அதுக்குப் பேரே ஆரஞ்ச் பீல்தான்.

இப்ப கேளுங்க, அடிச்சு விறைச்ச செம்புக்கும் சூடு காட்டி எளக்குன செம்புக்கும் உள்ள வித்தியாசம், செம்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ளத விட அதிகமாவே இருக்கும். அப்ப ரேங்க் லிஸ்ட்ல செம்புக்கு எந்த நம்பர் போடுவீங்க? எந்த நிலையில இருக்குற செம்புன்னு சொல்லாம போட்ட நம்பருக்கு அர்த்தமே கெடையாது.

பித்தளையில இந்த செட்டோட பெரிய கொறை வெளிய வருது. பெட்டியில வர்ற பித்தளைத் தகடு பாதி விறைப்புல வருது, ஹாஃப் ஹார்டுன்னு சொல்லுவாங்க, ஆலையில உருட்டுனதுக்கு அப்புறம் முழுசா எளக்காம அப்படியே வெட்டிப் போட்டிருக்காங்க. செம்பு மட்டும் முழுசா எளக்குனது. ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு தட்டச் சொல்லி, பாத்தீங்களா பித்தளை எவ்ளோ கஷ்டம்னு புக்லெட் கேக்குது. எளக்காத தகட்ட எளக்குன தகடோட ஒப்பிட்டா வேற எப்படி வரும், போட்டிக்கு ஒருத்தன் கால கட்டிவிட்ட மாதிரிதான். பித்தளையையும் ஒரு தடவ சூடு காட்டிட்டு தட்டிப் பாருங்க, சூப்பரா வரும். 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம் இருக்குற பித்தளை பச்சையாவே, அதாவது சூடு இல்லாமலே, ஆழமா இழுத்து குழாய் மாதிரி பண்ற அளவுக்கு வளைஞ்சு குடுக்குற சாமான், தோட்டா கூடு பண்றது அதுலதான். 60-40 பித்தளைன்னா சூட்டோட அடிக்கத்தான் நல்லது, பச்சையா அடிச்சா அடம் பண்ணும். பெட்டியில குடுத்தது எந்த ரகம்னு எங்கயும் எழுதல, தட்டுனப்ப வந்தத வச்சுப் பாத்தா 70-30 பக்கம் மாதிரிதான் தெரியுது. தகடு மேல ஒரு ஓரமா ரகம் என்ன, விறைப்பு என்னன்னு ரெண்டு எழுத்து பொறிச்சிருந்தா போதும், இத்தன குழப்பம் வராது.

பித்தளைய சூடு காட்டும்போது ஒரு விஷயம், செவப்பா இருக்கும்போதே தண்ணியில முக்காதீங்க, செவப்பு மறையட்டும், இல்லன்னா சில சமயம் விரிசல் விடும். அதே மாதிரி ரொம்ப சூடாக்குனா உள்ள இருக்குற துத்தநாகம் ஆவியா கெளம்பும், அந்தப் புகைய மூச்சுல இழுத்தா காய்ச்சல் மாதிரி வரும். ஜன்னல தொறந்து வச்சுட்டு பண்ணுங்க.

அலுமினியம் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தட்ட ரொம்ப சுகமா இருக்கு, மெதுவா இருக்கு, சத்தமும் கம்மி. ஆனா சூடு காட்டுறதுல ஆபத்து இருக்கு, அலுமினியம் செவக்காது. 660 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், அது வரைக்கும் நல்ல வெளிச்சத்துல நிறமே மாறாது, செவக்கட்டும்னு காத்துட்டு இருந்தா ஒரு செகண்ட் தகடா இருக்கும் அடுத்த செகண்ட் சொட்டா கீழ விழும். அதுக்கு பட்டறைக்காரங்க பண்ற வேலை, தகடு மேல சோப்ப தேச்சுட்டு பின்பக்கமா சூடு காட்டுறது, சோப்பு கருத்துச்சுன்னா போதும், நெருப்ப எடுத்துடலாம். பர்மனன்ட் மார்க்கர்ல கோடு போட்டு அது மறையுற வரைக்கும் காட்டுறவங்களும் இருக்காங்க. புக்லெட்ல இது இருக்கான்னு தேடிப் பாத்தேன், இல்ல. செம்புக்கு சொன்ன அதே "லேசாகச் சிவக்கும் வரை" அலுமினியத்துக்கும் அச்சடிச்சிருக்காங்க. அத அப்படியே நம்பி பண்றவங்க நெலமைய நெனச்சா பாவமா இருக்கு.

சரி, இந்தப் பெட்டியிலயே எனக்கு ரொம்ப புடிச்ச ஐட்டத்துக்கு வர்றேன், துத்தநாகப் பட்டை. இதுக்காகவே வாங்கலாம்னு சொல்லுவேன். அப்படியே எடுத்து பிளாக் மேல வச்சு ஓங்கி ஒரு அடி அடிங்க, டப்புன்னு ஒடையும், ஒடஞ்ச முகத்த பாத்தா நீலம் கலந்த வெள்ளையில பளபளன்னு படிகமா மின்னும், பாக்கவே அழகு. ஆக துத்தநாகம் தகடாகாது, முடிஞ்சுது கதைன்னு புக்லெட் பக்கத்த திருப்பிடுச்சு. கதை இங்கதாங்க ஆரம்பிக்குது. ஒடஞ்ச துண்டு ஒண்ண எடுத்து அவன்ல 130 டிகிரி வச்சு நல்லா சூடு ஏறவிட்டு, குறட்டுல புடிச்சு சூடு ஆறுறதுக்குள்ள தட்டுங்க. ஒடையாது. பரவும். அதே துண்டு, அதே சுத்தியல், அதே கை. 100-ல இருந்து 150 டிகிரி வரைக்கும் துத்தநாகம் அடிச்சா பணிஞ்சு குடுக்கும், 200 தாண்டிட்டா மறுபடியும் நொறுங்குற ஜாதியா மாறிடும், அந்த சூட்டுல உரல்ல போட்டு பொடியாவே இடிச்சிடலாம். அந்த நடுவுல இருக்குற சின்ன ஜன்னல 1805-ல ஷெஃபீல்டுல ஹாப்சன், சில்வெஸ்டர்னு ரெண்டு பேரு கண்டுபுடிச்சு பேட்டன்ட் எடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் துத்தநாகத்த உருட்டி கூரைத் தகடு போடுற தொழில் சூடு புடிச்சுது.

ஏன் இப்படின்னா, செம்பு, அலுமினியம், தங்கம், வெள்ளி, காரீயம் இதெல்லாம் அணு அடுக்கியிருக்குற விதத்துல வழுக்குறதுக்கு 12 வழி இருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து அடிச்சாலும் ஏதோ ஒரு வழி தோதா கெடைச்சிடும். துத்தநாகத்தோட அடுக்கு அறுகோண வகை, சாதாரண சூட்டுல ஈசியா தொறக்குறது ஒரே ஒரு தளத்துல இருக்குற 3 வழிதான், அடி அந்தத் தளத்துக்கு தோதா விழலன்னா வழுக்க எடமில்லாம ஒடஞ்சிடுது. சூடு ஏத்துனா பூட்டிக் கிடந்த மத்த வழிகளும் தொறக்குது. மெக்னீசியமும் இதே ஜாதி, அதையும் சூடு பண்ணித்தான் உருட்டுவாங்க. இவ்ளோ அருமையான சாமான பெட்டியில போட்டுட்டு "துத்தநாகம் நொறுங்கக்கூடியது"ன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கறத பாத்தா, பெட்டிய பேக் பண்ணவரு ஒருத்தர், புக்லெட் எழுதுனவரு வேற ஒருத்தர், ரெண்டு பேரும் சந்திச்சுக்கவே இல்லன்னு தோணுது.

வெள்ளீயத் தகட காது கிட்ட வச்சு மெதுவா வளைங்க, கிர்ர்னு ஒரு சத்தம் கேக்கும். உள்ள படிகம் பாதி பாதியா திடீர்னு திசை மாத்தி படுக்குறதால வர்ற சத்தம் அது, ஒடையுற சத்தம் இல்ல, பயப்படாதீங்க. வெள்ளீயத்த எவ்ளோ தட்டுனாலும் செம்பு மாதிரி விறைக்காது, காரணம் அது உருகுறதே 232 டிகிரியிலதான், அதோட கணக்குக்கு நம்ம ரூம் சூடே அனீல் பண்ற, அதாவது விறைச்சத எளக்குற, சூடு மாதிரி, நீங்க அடிச்சு சிக்கல் போடப் போட அது தானா அவுத்துக்கிட்டே இருக்கும். காரீயமும் இப்படித்தான். அலுமினிய ஃபாயில் வர்றதுக்கு முன்னாடி சுத்தி வைக்குற ஃபாயில் வெள்ளீயத்துலதான் இருந்துச்சு. இந்தத் தகட ரொம்ப குளிர்ந்த எடத்துல வருஷக்கணக்குல போட்டு வைக்காதீங்க, 13 டிகிரிக்கு கீழ போனா சுத்தமான வெள்ளீயம் மெல்ல மெல்ல சாம்பல் நிற பொடியா மாறக்கூடிய சாமான்.

காரீயம் பெட்டியில இல்ல, அதுக்கு ஒரு சபாஷ். பட்டியல்ல மேல இருக்குற உலோகத்த குடுக்கலன்னு சில பேரு கமென்ட்ல சண்டை போட்டிருக்காங்க, அது விஷங்க, பசங்க கையில குடுத்து தட்டச் சொல்ற சாமானா அது. வெள்ளீயத்துலயே அந்த மெதுமெதுப்பு தெரிஞ்சிடுது. காரீயத்த வச்சு கத்துக்க வேண்டிய ஒரே பாடத்த வாயாலயே சொல்லிடலாம்: அடிச்சா எவ்ளோ வேணா பரவும், ஆனா இழுத்து மெல்லிசு கம்பியாக்கப் போனா பட்டுன்னு அந்துடும், இழுவைய தாங்குற பலம் அதுக்கு இல்ல. தகடாகுறது வேற, கம்பியாகுறது வேற. அடி அமுக்குது, கம்பி இழுக்குது, அமுக்குறத தாங்குற எல்லாமே இழுக்குறத தாங்கணும்னு சட்டம் இல்ல. புக்லெட் ரெண்டயும் போட்டு ஒண்ணாவே குழப்பி இருக்கு.

மைல்ட் ஸ்டீல் தகடு சும்மா கணக்குக்கு வச்சிருக்காங்க. பச்சையா தட்டுனா கை வலிக்கும், அவ்ளோதான். இரும்ப அதோட மரியாதையோட பாக்கணும்னா பழுக்கக் காய்ச்சி அடிக்கணும், சுத்தமான இரும்பு 912 டிகிரியில அணு அடுக்கையே மாத்திக்கிட்டு செம்பு வகை அடுக்குக்கு வந்துடும், அந்த சூட்டுல சுத்தியலுக்கு நல்லா எடம் குடுக்கும். சாதாரண கையடக்க டார்ச்சுல அந்த சூடு ஒழுங்கா ஏறாது. அடுத்த ஐட்டம்.

தங்க இலை. கண்ணாடிக் கவருக்குள்ளயே வச்சுட்டு லைட்டுக்கு எதிரா புடிங்க, வெளிய எடுக்காதீங்க, விரல் பட்டா விரல்லயே ஒட்டி காணாம போயிடும். லைட்டு தெரியும், அதுவும் மஞ்சளா இல்ல, பச்சையும் நீலமும் கலந்த மாதிரி தெரியும். உலோகத்துக்குள்ள பூந்து வெளிச்சம் வர்றத பாக்குறது இருக்கே, எனக்கு வயசு மறந்து போச்சு. 1 கிராம் தங்கத்த அடிச்சு 1 சதுர மீட்டர் வரைக்கும் பரப்பலாம்னு எல்லா எடத்துலயும் எழுதியிருப்பாங்க, ஒரு தடவ கணக்கு போட்டுப் பாருங்க, தங்கத்தோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், அத வச்சு வகுத்தா தகட்டோட கனம் 0.05 மைக்ரான் வருது, அதாவது அணு அடுக்கு 200 சொச்சம்தான். கடையில விக்கிற இலை பொதுவா 0.1 மைக்ரான் பக்கத்துல இருக்கும். 1909-ல ரூதர்ஃபோர்டோட லேப்ல கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள சுட்டுப் பாத்தது தங்கத் தகட்டுலதான், இவ்ளோ மெல்லிசா அடிக்க முடியுதுங்கறதாலதான் அது தோதா இருந்துச்சு, அதுல இருந்துதான் ரூதர்ஃபோர்டு 1911-ல அணுக்கருன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு.

ஆனா இங்கயும் பட்டியல் பொய் சொல்லுது பாருங்க. சுத்தத் தங்கம்தான் இப்படி. அதுல காரீயம் ரொம்பக் கொஞ்சமா, ஆயிரத்துல ஒரு பங்கு கூட வேணாம், அதுக்கும் கம்மியா கலந்தாலே தங்கம் நொறுங்க ஆரம்பிச்சிடும். செம்புக்கு பிஸ்மத் அந்த மாதிரி எமன், படிக மணிகளோட ஓரத்துல போய் ஒக்காந்துக்கிட்டு அடிச்சா ஓரம் ஓரமா பிளக்க வச்சிடும். நம்பர் ஒண்ணுன்னு பேர் வாங்குனதே அழுக்கு ஒரு துளி பட்டா கீழ விழுதுன்னா அப்புறம் அந்த ரேங்குக்கு என்ன மரியாதை.

அந்தத் தனிப் பையில இருக்குற "மற்ற பொருட்கள்", இத சும்மா பெட்டிய நெரப்ப போட்டிருக்காங்கன்னு நெனச்சேன், ஆனா நல்ல ஐடியா. உப்புப் படிகத்த தட்டுனா நேர் நேரா, சதுரம் சதுரமா ஒடையும். உப்புலயும் அடுக்கு வழுக்கப் பாக்குது, ஆனா ஒரு அணு தூரம் நகர்ந்த ஒடனே பிளஸ்ஸுக்கு எதிர பிளஸ், மைனஸ்ஸுக்கு எதிர மைனஸ் வந்து நிக்குது, ஒண்ண ஒண்ணு தள்ளி விட்டுடுது, பிளந்துடுது. உலோகத்துல எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாம பொதுவா ஓடிட்டு இருக்கறதால அடுக்கு எங்க நகர்ந்தாலும் பிடிப்பு விட்டுப் போகாது. செம்பையும் உப்பையும் பக்கத்துல வச்சு தட்டுனா ரெண்டே அடியில இது புரிஞ்சிடும், வகுப்புல படம் வரைஞ்சு விளக்குறத விட இது எவ்வளவோ மேல்.

சிலிகான் புட்டி இன்னும் ஜோர். உருட்டி மேஜை மேல வச்சுட்டு வேற வேலை பாருங்க, தானா பரவி வட்டமா படுத்துடும். அதே உருண்டைய சுத்தியலால டக்குன்னு அடிங்க, சிதறும். மெதுவா அமுக்குனா வளையுற பொருள், வேகமா அடிச்சா ஒடையுற பொருள், ரெண்டும் ஒரே பொருள்தான். ஆக சூடு, அழுக்கு, முன்னாடி அடிச்ச அடி இதெல்லாம் போதாதுன்னு எவ்ளோ வேகமா அடிக்கிறோம்ங்கறதும் கணக்குல வருது. மெழுகும் அப்படித்தான், கையில வச்சு கதகதப்பாக்கிட்டு அமுக்குனா பணியும், குளிர வச்சு தட்டுனா ஒடையும். உலோகத்துல இந்த வேக விவகாரம் இவ்ளோ கண்ணுக்குத் தெரியாது.

சரி ரேங்க் லிஸ்ட் வேணாம்னா வேற எத போடுறதுன்னு கேப்பீங்க. தகடாகும் தன்மைக்குன்னு தனி அளவுகோலோ யூனிட்டோ கெடையாது, நீளத்துக்கு மீட்டர் மாதிரி ஒண்ணும் இல்ல. ஆலையில என்ன பண்றாங்கன்னா தகட்ட சுத்தி இறுக்கிப் புடிச்சுட்டு 20 மிமீ விட்டம் உள்ள ஒரு உருண்டை முனைய நடுவுல மெதுவா அழுத்துவாங்க, விரிசல் விடுற வரைக்கும் எத்தன மில்லிமீட்டர் ஆழம் போச்சோ அத குறிச்சுக்குவாங்க, எரிக்சன் டெஸ்ட்னு பேரு. அந்த நம்பர் கூட இந்தக் கனத்துல, இந்த விறைப்புல இருக்குற இந்தத் தகடுக்குன்னுதான் எழுதுவாங்க, செம்புக்குன்னு பொதுவா எழுத மாட்டாங்க. புக்லெட்ல இத ஒரு பக்கம் போட்டு, இந்தத் தகட்ட சூடு காட்டுறதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு தடவ தட்டிப் பாருன்னு ஒரு வேலை குடுத்திருந்தா அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பேன்.

டூல்ஸ். சுத்தியல் முகம் நல்லா பாலிஷ் பண்ணி வருது, அது முக்கியம், ஏன்னா சுத்தியல்ல இருக்குற ஒவ்வொரு கீறலும் அப்படியே தகட்டுல பதியும். ஸ்டீல் பிளாக்குக்கும் அதே ரூல்தான், ஆனா பிளாக் பாலிஷ் சுமார்தான், ஒரு பக்கம் மெஷின் கோடு அப்படியே இருக்கு, மெல்லிசு எமரி பேப்பர் எடுத்து தேச்சுட்டு ஆரம்பிங்க. சுத்தியலோட மறுபக்கம் குறுக்குவாட்டு முனையா இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், அது உலோகத்த ஒரே பக்கமா நீட்டும், உருண்டை முகம் எல்லா பக்கமும் பரப்பும், ரெண்டும் இருந்தா வித்தியாசம் தெரியும். கொட்டாப்புளி அருமை, கனமும் பிடியும் கச்சிதம், தகட்ட மெலிய விடாம வளைக்க மட்டும் செய்றதுக்கு அதுதான் லாயக்கு. குறடு குடுக்கல, டார்ச் குடுக்கல, அத தனியா வாங்கணும்னு பெட்டி மேலயாவது போட்டிருக்கலாம். தகடு ஓரம் எல்லாம் பிசிறு, வெட்டுன பிசிறு அப்படியே இருக்கு, கை கிழிக்கும், மொதல்ல அரத்தால ராவிடுங்க. ராவுறதுல இன்னொரு லாபமும் இருக்கு, ஓரத்துல இருக்குற சின்னப் பிசிறுலதான் விரிசல் ஆரம்பிக்கும். காதுக்கு பிளக் கட்டாயம், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், துத்தநாகம் ஒடையும்போது துண்டு எங்க பறக்கும்னு சொல்ல முடியாது.

ஸ்டீல் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் மடிக்கும்போது உருட்டுன கோடு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க, உத்துப் பாத்தா மெல்லிசா தெரியும். மடிப்புக் கோடு அந்த உருட்டுக் கோட்டுக்கு குறுக்க இருந்தா நல்லா மடியும், கூடவே ஓடுச்சுன்னா மடிப்போட முதுகுல விரிசல் விட வாய்ப்பு ஜாஸ்தி.

யாரு வாங்கலாம்: நகை வேலை, செம்பு வேலை பழக ஆரம்பிக்கிறவங்க, ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரா இருக்குறவங்க, பெரியவங்க கூட ஒக்காந்து செய்யக் கூடிய பசங்க. தனியா பசங்க கையில குடுக்க வேணாம், நெருப்பு இல்லாம இந்த செட்டுல பாதி விஷயம் புரியாது, நெருப்போட பசங்கள தனியா விடவும் முடியாது. ஏற்கனவே பட்டறை வேலை தெரிஞ்சவங்களுக்கு தேவையில்ல, தகட்ட தனித்தனியா வாங்கிக்கோங்க.

ரீஃபில் பேக்குன்னு ஒண்ணு தனியா விக்கிறாங்க, அத வாங்காதீங்க. அதுல செம்பும் அலுமினியமும் மட்டும்தான் இருக்கு, சூடு காட்டினா திரும்பத் திரும்ப பயன்படுற அந்த ரெண்டுக்கும் ரீஃபிலே தேவையில்ல. ஒடைஞ்சு தீந்து போற துத்தநாகம்தான் தேவை, அதுக்கு ரீஃபில் இல்ல, என்ன லாஜிக்கோ. ஒடஞ்ச துண்ட தூக்கிப் போடாம வச்சுக்கோங்க, 420 டிகிரியிலயே உருகிடும், ஆனா உருக்குறதுன்னா ஈரம் ஒரு பொட்டு இல்லாத அச்சும் காத்தோட்டமும் இருந்தாத்தான், இல்லன்னா கடையில பட்டையாவே வாங்கிடுங்க. தகடு தனியா வாங்கும்போது சாஃப்ட்டா, ஹாஃப் ஹார்டா, ஹார்டான்னு கேட்டு வாங்குங்க. விக்கிறவங்களுக்கு தகடு மேல விறைப்ப எழுதுங்கன்னு மெசேஜ் போட்டேன், அடுத்த லாட்ல பாக்குறோம்னு பதில் வந்துச்சு. அது வர்ற வரைக்கும் பெட்டி வந்த ஒடனே மார்க்கர் எடுத்து செம்பு மேல சாஃப்ட்னும் பித்தளை மேல ஹாஃப் ஹார்டுன்னும் நீங்களே எழுதிட்டு ஆரம்பிங்க.